மொன்றியலுக்கு முதல் தடவை கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு

கனடாவுக்கு வந்து ஓர் ஆண்டு முடிவதற்குள் அந்த அழைப்பு வந்துவிடும். மொன்றியலில் மாமாவின் மகளுக்குக் கல்யாணம். அல்லது முருகன் கோவில் தேர். அல்லது ஊரில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "ஐந்தரை மணி நேர ஓட்டந்தான், விடியவே வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்" என்பார்கள். உண்மைதான். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் சுமார் 540 கிலோமீற்றர். ஸ்காபரோவில் இருந்து புறப்பட்டால் கொஞ்சம் குறையும். வழி தவறுவதற்கும் பெரிதாக இடமில்லை, 401 என்ற ஒரே நெடுஞ்சாலை. ஆனாலும் முதல் தடவை போகுமுன் யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அனுமதிப்பத்திரம். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு ஒன்ராறியோவில் குடியேறியவர்கள் வந்த நாளிலிருந்து 60 நாட்கள்தான் அதை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு ஒன்ராறியோவின் பத்திரம் வேண்டும். கையில் ஜி1 என்ற முதற்கட்டப் பழகுநர் பத்திரம் மட்டும் இருந்தால் 401இல் கால் வைக்கவே கூடாது. இருபது வருடம் ஓட்டிய அண்ணன் பக்கத்து இருக்கையில் இருந்தாலும் கூடாது. உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால்தான் 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஜி1 செல்லும். அடுத்த கட்டமான ஜி2 வந்துவிட்டால் தனியாகவே ஓட்டலாம், ஆனால் ஒரு துளி மதுவும் இரத்தத்தில் இருக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். காரின் பதிவுத் துண்டு, காப்புறுதி அட்டை இரண்டும் காருக்குள் இருக்கட்டும். கார் இன்னொருவருடையது என்றால், உங்களை ஓட்ட விடுவதற்கு அவருடைய காப்புறுதி இடம் கொடுக்கிறதா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, புறப்படும் நேரம். என் தீர்ப்பு, சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணி. வெள்ளி பின்னேரம் வேலை முடித்து வந்து அப்படியே புறப்படுகிறவர்கள் ஒஷாவாவைத் தாண்டுவதற்கே ஒன்றரை மணி நேரத்தை வீணாக்குவார்கள். மிச்ச தூரத்தை இருட்டில், களைப்போடு ஓட்டுவார்கள். விடியற்காலையில் அந்தப் பகுதி வெறிச்சென்று இருக்கும். சூரியன் உதித்து வரும்போது மட்டும் நேர் கிழக்கே பார்த்து ஓட்டுகிறோம், ஆகவே குளிர்க்கண்ணாடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வார நாளில்தான் போக முடியும் என்றால், பிற்பகல் மூன்று மணிக்கு முன் மொன்றியல் தீவுக்குள் நுழைந்துவிடும்படி பாருங்கள்.

ஸ்காபரோவில் 401 இரண்டு சாலைகளாக ஓடும்: உள்ளே நேரே ஓடுகிறவர்களுக்கான எக்ஸ்பிரஸ், வெளியே ஏறி இறங்குகிறவர்களுக்கான கலெக்டர். ஏறும்போது கலெக்டரில்தான் ஏறுவீர்கள். எக்ஸ்பிரஸுக்கு மாறுவதற்கு அவசரப்பட வேண்டாம், பிக்கரிங் தாண்டியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு 407 என்ற கட்டண நெடுஞ்சாலை இருக்கிறது. அதில் கட்டணச் சாவடி எதுவும் கிடையாது. கமரா உங்கள் எண்தகட்டைப் படித்துக்கொள்ளும், சில வாரங்கள் கழித்து வீட்டுக்குப் பில் வரும். பிக்கரிங்கில் புறொக் வீதிக்குக் கிழக்கே உள்ள 407 மாகாண அரசுக்குச் சொந்தமானது; 2025 ஜூன் முதல் அதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து 418ஆம் நெடுஞ்சாலை வழியாக 401க்கு இறங்கினால் ஒஷாவா நெரிசலே தெரியாது.

இனி எண்கள். 401இன் எக்ஸிட் (வெளியேறும் வழி) எண்கள் மேற்கே வின்சர் பக்கத்திலிருந்து கிலோமீற்றராக எண்ணிக்கொண்டு வருகின்றன. ஸ்காபரோவில் 380ஐ ஒட்டி இருக்கும். பெல்வில் 543, கிங்ஸ்ரன் 615ஐச் சுற்றி, புறொக்வில் 696, கோர்ன்வால் 789, கியூபெக் எல்லை 828. ஆகவே எந்த எக்ஸிட்டைக் கடந்தாலும் கழித்துப் பார்த்தால் போதும், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொலைபேசி வழிகாட்டி நின்றுபோனாலும் இது நிற்காது. பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கும்போது அவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம். என் மகள் கழித்தலைப் பழகியது இந்த வீதியில்தான்.

உண்மையான ஆபத்து எது என்று கேட்டால், பனிக்கும் லொறிக்கும் முன்னால் நான் தூக்கத்தைச் சொல்வேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பாதையில் மாடு குறுக்கே வரும், முச்சக்கர வண்டி திரும்பும், தேநீர்க் கடை தெரிந்தால் நிறுத்தலாம். கண்ணுக்கும் கைக்கும் எப்போதும் வேலை இருக்கும். 401 அப்படி இல்லை. பெல்வில் தாண்டியபின் மரமும் வானமுமாக மணிக்கணக்கில் ஒரே காட்சி. கால் ஒரே இடத்தில் இருக்கும், சுக்கான் அசையாது. நான் வந்து இரண்டாவது வருடம், இரவு வேலை முடித்து வந்து மூன்று மணி நேரம் மட்டும் படுத்துவிட்டு மொன்றியலுக்குப் புறப்பட்டேன். மாலரிரவுன் பக்கத்தில் கண் சொருகிவிட்டது. சாலை ஓரத்தில் வெட்டி வைத்திருக்கும் வரிப்பள்ளங்களில் ரயர் ஏறி, 'தடதட' என்று கார் முழுக்க அதிர்ந்தபோதுதான் விழித்தேன். பின் இருக்கையில் மனைவியும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் இரவு வேலை செய்கிற தம்பிமார், தங்கைமார் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: வேலை முடிந்து ஒரு முழு இரவு படுக்காமல் இந்தப் பயணத்துக்குச் சாவியை எடுக்காதீர்கள். கோப்பி தூக்கத்துக்கு ஈடாகாது, கண்ணாடியைத் திறந்து விடுவதும் ஈடாகாது.

ஆகவே பயணத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள். ட்ரென்ரன் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம், கிங்ஸ்ரனில் அரை மணி நேரம், பிறகு எல்லைக்கு முன் இன்னொரு தடவை. ட்ரென்ரனிலும் மாலரிரவுனிலும் இரு திசைகளிலும் 'ஒன்ரூட்' என்ற ஓய்விடங்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன: கழிப்பறை, பெற்றோல், சாப்பாட்டுக் கடைகள், இருபத்துநான்கு மணி நேரமும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு போவதே நல்லது. முதல் நாளே ரோல்ஸும் மீன் பணிஸும் வாங்கி வைத்துவிடலாம்; பிளாஸ்கில் தேநீர். சோறு கட்டினால் ஓட்டுகிறவர் குறைவாகச் சாப்பிடட்டும். களைப்பாக இருந்தால் ஓய்விடத்தில் காரைப் பூட்டிவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். ஊரில் போல வழியில் ஓரங்கட்டி நிறுத்துவது மட்டும் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம் கார் பழுதானால் ஒதுங்குவதற்கே. பிள்ளைகளோடு போகிறவர்கள் கோல்போர்னில், 497ஆம் எக்ஸிட்டில், பெரிய ஆப்பிள் சிலை நிற்கும் இடத்தில் நிறுத்தலாம். நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்.

வேக எல்லை பெரும்பாலும் 100, சில பகுதிகளில் 110. பலகையைப் பார்த்து ஓட்டுங்கள், பக்கத்துக் காரைப் பார்த்து ஓட்ட வேண்டாம். எல்லையைவிட 50 கிலோமீற்றர் கூடப் போனால் ஒன்ராறியோவில் பொலிஸ் அந்த இடத்திலேயே பத்திரத்தை 30 நாளுக்கும் காரை 14 நாளுக்கும் எடுத்துக்கொள்ளும். தண்டம் 2,000 டொலரில் தொடங்குகிறது. வலது தடத்தில் அமைதியாகப் போவதில் எந்தக் குறையும் இல்லை. பெரிய லொறிகளின் வேகம் சட்டப்படி 105இல் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு லொறிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டுப் போனாலே நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஓரத்தில் பொலிஸோ அம்புலன்ஸோ இழுவை வண்டியோ விளக்கு மின்ன நின்றால் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு மாற வேண்டும். அது சட்டம்.

இனிச் சொல்லப்போவது அகதிக் கோரிக்கையாளர்களுக்கும், அமெரிக்க விசா இல்லாத அனைவருக்கும் மிக முக்கியம். கிங்ஸ்ரன் தாண்டியபின் இந்த வீதி அமெரிக்க எல்லையை ஒட்டியே போகிறது. ஆயிரம் தீவுகள் பகுதியிலும், பிரெஸ்கொற் பக்கத்திலும், கோர்ன்வாலிலும் அமெரிக்காவுக்குப் பாலங்கள் இருக்கின்றன. பலகையில் 'யுஎஸ்ஏ' என்றும் பாலம் என்றும் கண்டால் அந்த எக்ஸிட்டை எடுக்கவே கூடாது. பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப இடமிருக்காது. தவறி வந்தோம் என்பதை அமெரிக்க அதிகாரியிடமும், திரும்பி வரும்போது கனடிய அதிகாரியிடமும் விளக்க வேண்டி வரும். வழக்கு நடந்துகொண்டிருக்கிறவருக்கு அது வேண்டாத தலையிடி. பெற்றோலுக்கோ கழிப்பறைக்கோ அந்தப் பகுதியில் இறங்குவதென்றால் ஓய்விடத்தில் மட்டும் இறங்குங்கள். பிரெஸ்கொற்றுக்கு அப்பால் 416 ஒட்டாவாவுக்குப் பிரியும். அதற்கும் இடது பக்கத்துத் தடத்தில் நேரே போய்விட்டால் கவலை இல்லை.

கியூபெக் எல்லைக்கு முன்பே, ஓர் ஓய்விடத்தில் பெற்றோலை நிரப்பிக்கொள்ளுங்கள், பொதுவாகக் கியூபெக்கில் விலை கூட. மாகாண எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையோடு வீதியின் பெயர் 20 ஆகிறது, எக்ஸிட் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, மொழி மாறுகிறது, சட்டமும் மாறுகிறது.

மொழிக்குப் பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். 'சொர்தி' என்றால் வெளியேறும் வழி. 'எஸ்த்' கிழக்கு, 'உவெஸ்த்' மேற்கு, 'நோர்' வடக்கு, 'சூத்' தெற்கு. 'பொன்' பாலம். 'சாந்த்ர்-வில்' நகர மையம். 'திராவோ' வீதி வேலை, 'தெதூர்' மாற்றுப் பாதை. 'அரே' எழுதிய சிவப்பு எண்கோணம் நிறுத்தற் பலகை. புறப்படுமுன் இவற்றின் பிரெஞ்சு எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள்.

சட்டத்தில் இரண்டை மனத்தில் வையுங்கள். ஒன்று, மொன்றியல் தீவில் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக் கூடாது. ரொறன்ரோவில் அது பழக்கமாகிவிடும், கால் தானாக எடுத்துவிடும், கவனம். இரண்டு, பிள்ளைகளின் இருக்கை. ஒன்ராறியோவில் எட்டு வயதானதும் உயர்த்தும் இருக்கையைக் கழற்றிவிடலாம். கியூபெக்கில் 145 சென்ரிமீற்றர் உயரம் அல்லது ஒன்பது வயது ஆகும்வரை வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் பழைய இருக்கையை மறுபடி எடுத்துப் போடுங்கள். கியூபெக்கில் வாங்கும் தண்டப் புள்ளிகள் ஒன்ராறியோவுக்கும் வந்து சேரும், அது வேறு மாகாணம் என்று விட்டுவிட முடியாது.

நகரை நெருங்கும்போது 20ஆம் வீதியில் திடீரென்று சமிக்ஞை விளக்குகள் வரும், வோத்றோயிலும் பெரோ தீவிலும். நெடுஞ்சாலை வேகத்தில் வந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கோவிலுக்கோ மேற்குத் தீவுப் பக்கமோ போகிறவர்கள் 40ஆம் வீதியை எடுப்பது வழக்கம். திருமுருகன் கோவில் டொலார்-டே-ஒர்மோவில் இருக்கிறது, 40இலிருந்து தூரமில்லை. ஆனால் அந்த வழியிலுள்ள பாலத்தில் வேலை நடப்பதால் புறப்படுமுன் வீதி நிலவரம் சொல்லும் கியூபெக் 511 சேவையில் பார்த்துக்கொள்ளுங்கள். 30ஆம் வீதியின் பாலத்துக்குக் கட்டணம் உண்டு. கோட்-டே-நேய்ஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் வீதியோரம் நிறுத்தும்போது பலகையை மேலிருந்து கீழ்வரை முழுதும் படியுங்கள். ஒரே கம்பத்தில் மூன்று பலகை இருக்கும், மூன்றும் வேறு வேறு நேரம் சொல்லும்.

குளிர்காலத்தில் முதல் பயணம் வைக்காமல் இருந்தால் நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் பனிக்கால ரயர் போட்டே ஆக வேண்டும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்றாலும், போட்டால் காப்புறுதியில் கழிவு கிடைக்கும், கேளுங்கள். பெற்றோல் தாங்கி அரைக்குக் கீழே இறங்க வேண்டாம். கம்பளி, தண்ணீர், மின்கலவிளக்கு, சிறு மண்வாரி, கண்ணாடி கழுவும் திரவம் ஒரு கலன் மேலதிகமாக. பனியில் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். உள்ளேயே இருந்து உதவி கேளுங்கள். இயந்திரத்தை இயக்குமுன் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றுங்கள், இல்லாவிட்டால் நச்சுப் புகை உள்ளே வந்துவிடும். உறைமழை எச்சரிக்கை வந்தால் பயணமே வேண்டாம். 1998 ஜனவரியில் இந்தப் பகுதியை முடக்கிய பனிக்கட்டிப் புயலைப் பார்த்தவர்கள் மொன்றியலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். "வரவில்லை" என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

கடைசியாக, திரும்பி வருவது. போகும்போது எடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட நாம் திரும்பும்போது எடுப்பதில்லை. ஞாயிறு இரவு வரவேற்பு, பதினொரு மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்கு விடைபெற்று, விடிய வேலைக்குப் போவதற்காக இரவோடிரவாக 540 கிலோமீற்றர். இதை நான் செய்திருக்கிறேன், இனிச் செய்ய மாட்டேன். புதிய வேலை, விடுப்புக் கேட்கத் தயக்கம் என்பது எனக்குத் தெரியும். அப்படியானாலும் திங்கட்கிழமை விடுப்பைக் கேட்டு வாங்கிய பிறகே, கல்யாணத்துக்கு வருகிறோம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.