அடுத்தவர் இடிச்ச காருக்கு செலவுக் காசை வாங்குறது எப்படி?

யாருக்கும் அடிபடலன்னா வண்டிய ஓரங்கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பர் பிளேட்டும் ஒரே போட்டோல வர்ற மாதிரி எடுங்க, கீழ கிடக்குற இண்டிகேட்டர் துண்டு, டயர் தடம் எல்லாம் சேர்த்து. இடிச்சவர் வண்டி நம்பரை எம்பரிவாகன்ங்குற அரசாங்க வாகன ஆப்ல போட்டா இன்சூரன்ஸ் கம்பெனி பேரு தெரிஞ்சிரும். "போலீஸ் வேணாம் சார், நானே தந்துடுறேன்"னு கெஞ்சுவாங்க, தயவுசெஞ்சு நம்பிடாதீங்க, நான் நம்பி 18,000 ரூபா கைய விட்டுப் போச்சு, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து எஃப்ஐஆர் காப்பி வாங்கிடுங்க.

நம்ம பாலிசில கிளைம் பண்ணா வேலை சீக்கிரம் முடியும், ஆனா நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி) போயிடும். அவர் இன்சூரன்ஸ்ல வாங்கணும்னா மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல 6 மாசத்துக்குள்ள மனு போட்டுடுங்க, அவரோடது தனியார் கார்னா சொத்து சேதத்துக்கு பொதுவா 7.5 லட்சம் வரை கவர் இருக்கும். சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுறவர்) ரிப்போர்ட், ஜிஎஸ்டி பில் ஒரிஜினலை பத்திரமா வச்சுக்கங்க.