மட்டக்களப்பில் தூண்டில் போடப் பழகலாம்: முதலில் முகத்துவாரம், பிறகு காற்று

தூண்டில் வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் இப்போது திறந்திருக்கிறதா, மணல் மூடிக் கிடக்கிறதா? வாவியில் எந்த மீன் எங்கே நிற்கும் என்பதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. மீதிப் பாதி காற்றில். றொட் (தூண்டில் கோல்) எந்தக் கம்பனி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கடலோடு சேரும் வாய் இரண்டுதான்: நகரத்துக்குக் கிட்ட பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. வெயில் காலத்தில் வாவிக்குள் வரும் தண்ணீர் குறைய, அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கப் பார்க்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வாய் மூடியிருக்கும் நாட்களில் வாவிக்குள் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, என்று ஒன்று கிடையாது. கைப்பேசிச் செயலி காட்டும் நேரம் அங்கே உதவாது. கடலிலும் இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்குக் குறைவு. வெளிநாட்டு யூடியூப் வீடியோவில் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான்.

1. சாமான்

கைத்தூண்டிலில் தொடங்குங்கள். 0.30 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நரம்பு) ஒரு சுருள், அதைச் சுற்றிவைக்க ஒரு வெற்றுப் போத்தல் அல்லது கட்டை, சில ஈயங்கள், இரண்டு மூன்று அளவில் முள், ஒரு தக்கை. இவ்வளவும் போதும். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும்: மணலை மீனுக்கும் கிளக்கன் மீனுக்கும் 10 அல்லது 12, செப்பலிக்கு 4 அல்லது 6. கொடுவாவுக்கு 1/0, 2/0 என்று எதிர்த்திசையில் பெரிதாகிக்கொண்டு போகும், தங்கூசியும் 0.50 அளவில் வேண்டும். றொட்டும் றீலும் கடற்கரையில் தூரம் எறியத் தேவைப்படும்போது வாங்கலாம். விரலில் தங்கூசியைப் பிடித்து மீன் கொத்துவதை உணரப் பழகியவருக்கு றொட் பிறகு இலகுவாக வரும். மறுபக்கமாகப் பழகியவர்கள் தடுமாறுவதைத்தான் நான் பார்க்கிறேன்.

2. முள் கட்டுதல்

இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பிப்போகும் மீன்களில் பல முடிச்சில்தான் தப்புகின்றன.

தங்கூசியின் நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு ஒரு சாண் அளவு இழுங்கள். அந்த நுனியைத் தங்கூசியின் மேலேயே ஐந்தாறு தடவை சுற்றுங்கள். இப்போது முள்ளின் கண்ணை ஒட்டி ஒரு சின்ன வளையம் இருக்கும். நுனியை அதற்குள் விடுங்கள். அப்படி விட்டதில் பெரிய வளையம் ஒன்று உண்டாகியிருக்கும், அதற்குள்ளும் நுனியைத் திருப்பி விடுங்கள். எச்சில் தடவி நனைத்த பிறகு மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும். மிஞ்சிய நுனியை இரண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள்.

அடித்தூண்டிலுக்கு நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தங்கூசியில் ஓடவிட்டு, அதன் கீழே ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டி, சுவிவலிலிருந்து இரண்டு சாண் தங்கூசியில் முள்ளைக் கட்டுங்கள். ஈயம் அடியில் கிடக்க, மீன் அதன் பாரம் தெரியாமல் இரையை இழுத்துக்கொண்டு போகும்.

3. இரை

பச்சை இறால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. தோலுரித்து, முள்ளின் கூர் மட்டும் தெரியக் கோர்த்துவிடுங்கள். மணலை மட்டும் விதிவிலக்கு. அது சேற்றையும் பாசியையும் மேயும் மீன், அதற்குப் பாண் அல்லது கோதுமை மாவைப் பிசைந்து மிளகளவு உருட்டித் தக்கையோடு போடுங்கள். ஒட்டியும் ஓராவும் மாவுக்கும் பாசிக்கும் வரும். கொடுவாவுக்குச் செத்த இரையைவிட உயிர் இறாலோ சின்ன மணலைக் குஞ்சோதான் சரி.

4. எந்த மாதம், எங்கே

வைகாசியில் தொடங்கி புரட்டாதி வரை பழகுபவரின் காலம். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் அதே நாட்களில் நம் கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்று நாம் சொல்லும் இந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். நாவலடி, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் கரைகளில் நின்றால் காற்று முதுகில் இருக்கும், சின்ன ஈயமே நல்ல தூரம் போகும். ஆனால் கிளக்கனுக்குத் தூரம் தேவையில்லை. அலை உடைந்து திரும்பும் பள்ளத்தில், கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்குள்ளேயே மணலைக் கிண்டிக்கொண்டு திரியும். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏற வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அதே கச்சான், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நிற்பவருக்கு முகத்தில் அடிக்கும். காற்று எழும்புமுன் முடிப்பது அல்லது மேற்கே படுவான்கரைக்குப் போவது, இரண்டில் ஒன்று. வாய் மூடி, தண்ணீர் குறைந்து சூடாகும் இந்த மாதங்களில் மீன் ஆழமான ஓடைகளுக்கும் நிழலுக்கும் ஒதுங்கும். கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களின் தூண்களை ஒட்டிப் பொழுது சாயும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். பாலத்தின் மேலே வாகனங்களுக்கு நடுவில் நிற்க வேண்டாம், கரையில் நின்றே எட்டும்.

ஐப்பசியில் காற்றுக்குத் திசை இல்லை. பின்னேரத்தில் இடி மின்னல்; சித்திரையிலும் அப்படித்தான். வானம் கறுத்தால் றொட்டைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். கார்பன் றொட் மின்சாரம் கடத்தும்.

கார்த்திகை முதல் தை வரை வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. கடற்கரைத் தூண்டில் இந்த மாதங்களில் வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் "திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு" என்ற பகுதியைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். வாவியோ கலங்கி, உப்புக் குறைந்திருக்கும். முகத்துவாரம் திறந்ததும் இறாலும் சின்ன மீனும் கடலுக்கு இறங்க, அவற்றுக்காகக் கொடுவாவும் செப்பலியும் வாயருகே காத்துக்கிடக்கும். பெரிய மீன் கதைகள் பிறக்கும் நாட்கள் இவை. புதியவர் அங்கே தள்ளி நின்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டும்: வெட்டிய வாயில் மணற்கரை காலடியிலேயே இடிந்துபோகும், இழுவை நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

மாசி, பங்குனியில் மழை விட்டுத் தண்ணீர் தெளியும், வாய் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கடல் மீனும் வாவி மீனும் ஒரே கரையில் கிடைக்கும் இந்த இரண்டு மாதத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாரைக் குஞ்சு வாய்ப்பக்கம் திரிவதும் இப்போதுதான்.

5. கொத்தினால்

முதல் தட்டலுக்கு இழுக்காதீர்கள். அது சோதித்துப் பார்க்கிறது. தங்கூசி ஒரே திசையில் ஓடத் தொடங்கும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு, பிறகு தளரவிடாமல் இழுங்கள். கொடுவா தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும். அந்த நேரம் தங்கூசி தொய்ந்தால் முள் கழன்றுவிடும்.

கழற்றும்போது கெளுத்தி, ஒட்டி, ஓரா மூன்றுக்கும் கவனம். முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால் தோல் வேகாத அளவு சுடுதண்ணீரில் அரை மணிநேரமாவது கையை வையுங்கள், வலி இறங்கும். வீக்கம் கூடினால் ஆஸ்பத்திரிக்குத்தான். கொடுவாவின் செவுள் மூடி பிளேட் மாதிரி வெட்டும், அதைச் செவுளில் பிடிக்க வேண்டாம்.

குஞ்சுகளைத் திரும்ப விடுங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன், மிகப் பெரியதெல்லாம் முட்டைக்காரி. அதையும் விட மனம் வந்தால் நல்லது.

6. கரையில்

வாவியில் முதலை இருக்கிறது. கண்ணா மரங்களின் (சதுப்புநிலக் காட்டு மரம்) ஓரத்திலும் புல் அடர்ந்த கரையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று போடாதீர்கள், இருட்டில் கரையோரம் மீன் கழுவவும் வேண்டாம். வலை விரித்திருக்கும் இடத்துக்குக் குறுக்கே எறியாதீர்கள். அது ஒருவரின் அன்றைய சம்பாத்தியம். தூண்டிலுக்குத் தங்கூசி சரி, ஆனால் தங்கூசி வலை இந்த நாட்டில் தடை. வெடி போடுவதும் அப்படியே. கரையில் இருக்கும் பெரியவரிடம் "மாமா, இண்டைக்கு எந்த இரைக்கு எடுக்குது?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பெரும்பாலும் இடத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

பிடித்த மீனை வாளித் தண்ணீரில் மிதக்க விடாமல் ஐஸ் பெட்டியில் போடுங்கள். மணலையை மட்டும் கரையிலேயே குடல் எடுத்து, வயிற்றின் உட்பக்கக் கறுப்புச் சவ்வையும் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு புளி விட்டாலும் குழம்பில் சேறு மணக்கும்.