நெடும்பயணத்தில் பயோடீசல்: எங்கே தேடுவது, எதைப் பார்த்துப் போடுவது

என்னிடம் இருப்பது 2003 ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டிடிஐ, டீசல் கார். சியாட்டிலிலிருந்து மினியாபொலிஸ் வரை சுமார் 1,650 மைலையும் பயோடீசலிலேயே (தாவர எண்ணெயிலோ விலங்குக் கொழுப்பிலோ செய்யும் டீசல்) ஓட்டிவிடலாம் என்று முதல் தடவை கிளம்பியபோது, மொண்டானாவில் அரை நாள் ரோட்டோரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. நீங்களும் அப்படி உட்காராமல் இருக்கத்தான் இது.

முதலில், வழி முழுக்க பி100தான், அதாவது நூறு சதவீதம் பயோடீசல்தான் என்று சபதம் எதுவும் எடுக்காதீர்கள் (பி20 என்றால் 20 சதவீதம் கலந்தது). பயோடீசலும் சாதா டீசலும் எந்த அளவிலும் ஒன்றோடொன்று கலக்கும், டேங்கைக் காலி செய்யத் தேவையில்லை. கிடைக்கிற ஊரில் பயோ, கிடைக்காத ஊரில் டீசல், அவ்வளவுதான். (தனி டேங்க் வைத்துச் சூடாக்குவதெல்லாம் வடை சுட்ட எண்ணெயை நேரே ஊற்றி ஓட்டுகிறவர்கள் பாடு. அது வேறு கதை.)

கிளம்புவதற்கு முந்தின வாரம், அமெரிக்க எரிசக்தித் துறையின் மாற்று எரிபொருள் தகவல் மையத் தளத்தில் பங்க் தேடும் வரைபடத்தைத் திறந்து, எரிபொருளில் பயோடீசலைத் தேர்ந்தெடுத்து, புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கொடுங்கள். பி20-உம் அதற்கு மேலும் விற்கும் இடங்கள் மட்டுமே அதில் வரும். வந்ததை அப்படியே நம்பிவிடாமல் ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு, பொதுமக்களுக்கு விற்கிறார்களா, இரவில் திறந்திருக்குமா, இன்றைக்கு என்ன கலவை என்று மூன்றையும் கேளுங்கள். சில இடங்கள் அரசு வண்டிகளுக்கு மட்டும்.

பங்கில் நின்றதும் பம்பில் நீல ஸ்டிக்கரைத் தேடுங்கள். 5 சதவீதம் வரை கலந்திருந்தால் ஸ்டிக்கரே தேவையில்லை, அது வெறும் டீசல் என்றே விற்கும். ‘5 முதல் 20 சதவீதம்’ என்று போட்டிருந்தால் உள்ளே 6-உம் இருக்கலாம், 20-உம் இருக்கலாம், கல்லாவில் இருப்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. கலிபோர்னியாப் பக்கம் ‘ரினியூவபிள் டீசல்’ என்று இருப்பது பயோடீசல் இல்லை, அதன் வேதியியல் பெட்ரோலிய டீசலை ஒட்டியது, தயங்காமல் போடலாம். லாரிகளுக்கான பம்பில் நிற்காதீர்கள், அதன் பருத்த முனை கார் டேங்க் வாயில் நுழையாது. பச்சைக் கைப்பிடி என்றாலே டீசல் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பிபி பங்குகளில் பெட்ரோலுக்குத்தான் பச்சை.

சில மாநிலங்களில் தேடவே வேண்டாம். மினசோட்டாவில் 2018 முதல் கோடை மாதங்களில் டீசல் என்று விற்பதிலேயே 20 சதவீதம் பயோ, குளிர்காலத்தில் 5. இல்லினாயில் 10 சதவீதத்துக்கு மேல் கலந்தால் விற்பனை வரி விலக்கு என்று வெகுகாலம் வைத்திருந்ததால், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில்கூடத் தாராளமாகக் கிடைக்கும். வறட்சி எல்லாம் இடையில் உள்ள மலைப்பகுதியில்தான். என் வண்டி ஒரு டேங்குக்கு 550 மைல் கொடுக்கும் என்பதால் சமாளிக்கிறேன். பி100-இல் மைலேஜ் கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, மொண்டானா கதை. பயோடீசல் நல்ல கரைப்பான், வருடக்கணக்காக டேங்கின் அடியில் படிந்திருந்த கசடையெல்லாம் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவிடும். ப்யூட் என்ற ஊருக்கு முன்னால் ஏற்றத்தில் வண்டி திணறியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் மூச்சு வாங்கியது, அப்புறம் நின்றேவிட்டது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் கெட்டியான புளிக்கரைசல் மாதிரி கருப்பாக வழிந்தது. மாற்று ஃபில்டர் கையில் இல்லை.

குளிரையும் மறக்காதீர்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். சோயாவில் செய்த பி100 சுமார் 0 டிகிரி செல்சியஸிலேயே மங்கத் தொடங்கும், மாட்டுக்கொழுப்பில் செய்தது அதற்கும் முன்பே. அக்டோபரில் மலை ஏறுவதாக இருந்தால், ஏறுவதற்கு முன்பே சாதா டீசல் ஊற்றி பி20-க்கு இறக்கிவிடுங்கள்.

புது வண்டிக்காரர்கள் கையேட்டைப் பாருங்கள். புகை வடிகட்டி உள்ள பல கார்களில், அதைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கும் எரிபொருளில் பயோ இருந்தால் ஆவியாகாமல் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் பி5-ஓடு நிறுத்தச் சொல்வது சும்மா இல்லை.

இப்போதெல்லாம் என் டிக்கியில் இரண்டு ஃபில்டர், ஒரு ஸ்பேனர், கையுறை, பழைய வேட்டித்துணி.