சிறையில் இருக்கும் பெண்ணுக்கு மனநல மருத்துவமனைச் சிகிச்சை கோருவது எப்படி?

மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் மகள் தனக்குள் பேசிக்கொள்கிறார், உறங்குவதே இல்லை என்றால், தமிழ்நாட்டில் உள்ள ஒரு குடும்பம் செய்ய வேண்டியவை இவை.

படி 1: அவர் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்று அறியுங்கள். தண்டனைக் கைதியை மனநல மருத்துவமனைக்கு மாற்ற 1900-ஆம் ஆண்டுக் கைதிகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி அரசு ஆணையிடும். மருத்துவமனையில் கழியும் நாட்களும் தண்டனைக் காலத்தில் சேரும் என்பதால், விடுதலை தள்ளிப்போகுமோ என்று அஞ்ச வேண்டாம். விசாரணைக் கைதி தம் வழக்கை எதிர்கொள்ள இயலாத மனநிலையில் இருப்பதாக நீதிமன்றம் கண்டால், உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படாதபோது, உறவினர் பொறுப்பேற்கும் பிணையும் கிடைக்கலாம்.

படி 2: சிறை மருத்துவ அலுவலருக்கும் கண்காணிப்பாளருக்கும் மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். "மனநிலை சரியில்லை" என்ற ஒற்றை வரி உதவாது. எந்தத் தேதியில் எதைக் கண்டீர்கள் என்று எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளின் நகலையும் இணையுங்கள். என் கணிப்பில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். வாய்மொழியாகச் சொன்னதற்குப் பின்னாளில் எந்தச் சான்றும் இருக்காது.

படி 3: 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைத்து இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு இல்லை.

படி 4: "சிறையிலேயே மருத்துவர் இருக்கிறாரே" என்று பதில் வந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவைக் காட்டுங்கள். சிறை மருத்துவப் பிரிவில் மனநல வார்டு இருந்தால் அங்கே மாற்றுவதே போதும் என்றும், இல்லையெனில் மனநல மறுஆய்வு வாரியத்தின் (மனநோயாளிகளின் உரிமைகளைக் காக்க இச்சட்டப்படி அமைக்கப்படும் அமைப்பு) முன்அனுமதியோடு வெளி மருத்துவமனைக்கு மாற்றலாம் என்றும் அது கூறுகிறது. ஆகவே அந்த வார்டில் பெண்களைச் சேர்க்கிறார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். மனநோயுள்ள கைதி எவரும் சிறையில் இல்லை என்று மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். இருந்தால் ஏன் மாற்றவில்லை என்று வாரியம் கேட்கலாம். அதனால் மனுவின் நகலை வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

படி 5: கைக்குழந்தை உடன் இருந்தால் முன்கூட்டியே குறிப்பிடுங்கள். சிறையில் தாயோடு 6 வயது வரை குழந்தை இருக்கலாம். ஆனால் மருத்துவமனையில் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு 3 வயது நிரம்பாத குழந்தைக்கே உண்டு. நான்கு வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

சேர்க்கப்பட்ட பின், ஆணையிட்ட அதிகார அமைப்புக்கு மருத்துவமனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் நகலைக் கோரி விண்ணப்பிக்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.