33550336: இது எந்த வகை எண்? தாளில் போட்டே கண்டுபிடிக்கலாம்

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. எட்டு இலக்கம். பார்த்தால் ஏதோ ஒரு எண் போலத்தான் இருக்கிறது. காரணிகளைப் பிரித்தால்தான் இதன் குணம் தெரியும்.

படி 1: இலக்கங்களைக் கூட்டுங்கள். 3+3+5+5+0+3+3+6 = 28. இதை 3-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். ஆகவே நம் எண் 3-ஆலும் வகுபடாது, 9-ஆலும் வகுபடாது. இந்த 28-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

படி 2: இரட்டைப்படை எண் என்பதால் 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 16775168, 8387584, 4193792, 2096896, 1048448, 524224, 262112, 131056, 65528, 32764, 16382, 8191. பன்னிரண்டு முறை வகுத்த பிறகு ஒற்றைப்படையில் வந்து நிற்கிறது. அதாவது, 33550336 = 2¹² × 8191.

படி 3: 8191 பகா எண்ணா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இதன் வர்க்கமூலம் 90-ஐக் கொஞ்சம் தாண்டும். வழக்கமான முறையில் போனால் 89 வரையுள்ள 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் 8191 என்பது 2¹³ − 1. இந்த வடிவ எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். அடுக்கு 13 பகா எண்ணாக இருப்பதால், 8191-க்குப் பகாக் காரணி ஏதும் இருந்தால் அதை 26-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். 90-க்குள் அப்படிப்பட்டவை 27, 53, 79 மட்டும்தான். 27 பகா எண் இல்லை, விடுங்கள். 53 × 154 = 8162, மீதி 29. 79 × 103 = 8137, மீதி 54. சரி, 8191 பகா எண்தான். இரண்டே வகுத்தலில் வேலை முடிந்தது!

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அது பகு எண்.

படி 4: காரணிகளின் எண்ணிக்கை (12+1) × (1+1) = 26. அவற்றின் கூட்டுத்தொகை (1+2+4+…+2¹²) × (1+8191), அதாவது 8191 × 8192 = 67100672. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதும் 33550336! தன்னைத் தவிர்த்த மற்ற காரணிகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது நிறைவெண் இது. படி 1-இல் வந்த 28-உம் ஒரு நிறைவெண் என்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

படி 5: முக்கோண எண்ணா, அதாவது 1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டினால் கிடைக்கும் எண்ணா என்றும் பார்த்துவிடுங்கள். ஓர் எண்ணை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வந்தால் அது முக்கோண எண். நம் எண்ணுக்கு அப்படிச் செய்தால் 268402689. இது சரியாக 16383-இன் வர்க்கம். எனவே முக்கோண எண்ணும்கூட: 1 முதல் 8191 வரை வரிசையாகக் கூட்டினால் இதே தொகை வரும்.

அப்புறம் பயிற்சிக்கு 8589869056-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக்கிக்கொண்டே போனால் 131071-இல் நிற்கும். அது 2¹⁷ − 1. இங்கே 34-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்களைத் தேட வேண்டும். 103, 137, 239, 307 என்று நான்கே நான்கைச் சோதித்தால் போதும்.