பெரிய கேம் மாட்டி, மறுபடி கழற்றிய கதை

என்னுடையது ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 பைக். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பைகள் என்று வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர்தான். இழுவை கூடட்டும் என்று, அதிகம் யோசிக்காமல், வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஜோடியை வாங்கி மாட்டினேன். நெடுஞ்சாலையில் ஜோராகத்தான் ஓடியது, ஆனால் மலையில் முன்பைவிட மோசம், வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் வேறு விக்கல்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. பெரிய கேமில், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாகத்தான் மூடும். அப்படி மூடினால், குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த பெட்ரோல் கலவையில் கொஞ்சம் திரும்ப வெளியே தள்ளப்படும், அழுத்தம் குறையும், இழுவையும் போச்சு. கம்ப்ரெஷனை, அதாவது கலவையை இன்ஜின் அழுத்தும் அளவைக் கூட்டி ஈடுகட்டலாம்தான், ஆனால் வழியில் கிடைக்கிற பெட்ரோலுக்கு கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தால் டூரில் யார் அவதிப்படுவது? இந்த இன்ஜினின் அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை), 28 நியூட்டன் மீட்டர், வருவதே 4000 ஆர்பிஎம்மில், நான் மலையில் ஓட்டுவதோ அதற்கும் கீழே.

சரி என்று பழைய கேம்களையே டைமிங் குறி (வால்வும் பிஸ்டனும் ஒத்துப்போவதற்கான அடையாளம்) பார்த்துப் பொருத்தி, ப்ளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். இழுவைக்காக, செயினை ஓட்டும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன், அவ்வளவுதான். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறைந்தது, மைலேஜும் லேசாக. கொடைக்கானல் மட்டும் இப்போது பெரும்பாலும் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது.