குக்கர் விளம்பரம் துரத்துகிறதா? மூன்றாம் தரப்புக் குக்கீயை நிறுத்துவது இப்படி

போன மாதம் அம்மாவுக்காக மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை இணையத்தில் தேடினேன். வாங்கியது என்னவோ பக்கத்துப் பாத்திரக் கடையில்தான். ஆனாலும் இரண்டு வாரமாக, ராசிபலன் படித்தாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் ஓரத்தில் அதே குக்கர். "நாமதான் வாங்கிட்டோமே, இது ஏன்டா இன்னும் வருது?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

காரணம் குக்கீ. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். ஒரு தளம் உங்கள் பிரௌசரிடம் ஒரு எண்ணைக் கொடுத்து வைக்கும். அடுத்த முறை போகும்போது பிரௌசர் அதைக் காட்டும், "ஓ, இவரா" என்று தளம் அடையாளம் கண்டுகொள்ளும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி இதை உருவாக்கியதே, ஆன்லைன் கடையில் கூடையில் போட்ட பொருள் மறந்துபோகாமல் இருப்பதற்காகத்தான். இந்த வகைக் குக்கீயால் தொல்லை இல்லை. இது இல்லாவிட்டால் லாகின்கூட நிற்காது.

தொல்லை வருவது இன்னொரு வழியில். ராசிபலன் பக்கத்தில் தெரியும் விளம்பரம் பெரும்பாலும் அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து வருவதில்லை, ஒரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அதை எடுக்கப் போகும்போது அந்த நிறுவனமும் பிரௌசரின் கையில் ஒரு டோக்கனைத் திணித்துவிடும். குக்கர் விற்ற தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், இரண்டு இடத்திலும் ஒரே டோக்கன். செருப்புக்கடை, நகைக்கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் ஒரே ஆள் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ.

முதலில் கண்ணால் பாருங்கள்

கணினியில் குரோமில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்துங்கள். வருகிற பலகையின் மேல் வரிசையில் 'அப்ளிகேஷன்' என்று இருக்கும் (தெரியாவிட்டால் அங்கே உள்ள இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும்). இடப்பக்கம் 'குக்கீஸ்' என்பதை விரித்து, தளத்தின் பெயரைத் தட்டுங்கள். அட்டவணையில் 'டொமைன்' பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். செய்தித் தளத்தின் பெயருக்கு நடுவே சம்பந்தமில்லாத பெயர்கள் வரும். 'டபுள்கிளிக் டாட் நெட்' இருக்க வாய்ப்பு அதிகம். அது கூகுளின் விளம்பரச் சேவை. அந்த வரியிலேயே 'சேம்சைட்' பத்தியில் 'நன்' என்று இருக்கும். வேறு தளத்துக்குள் இருந்து கேட்டாலும் இந்தக் குக்கீயைக் கொடுக்கலாம் என்பதற்கான அனுமதி அது.

பயப்பட வேண்டாம், பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. பார்த்தாயிற்றா? பலகையை மூடிவிடுங்கள்.

குரோமில் நிறுத்துவது

மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டே ஆண்டில் ஒழித்துவிடுவோம் என்று, குரோமைத் தரும் கூகுள் 2020இல் சொன்னது. அப்புறம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 'தடுக்கவா, வேண்டாமா' என்று நம்மிடம் கேட்கும் தனிப் பெட்டிகூடக் காட்டப்போவதில்லை என்று 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டார்கள். ஆகவே குரோமில் நாமே போய்த்தான் நிறுத்த வேண்டும். பெரும்பாலோர் மெனுவை ஆங்கிலத்தில் வைத்திருப்பதால் அந்தப் பெயர்களையே தருகிறேன். பதிப்புக்குப் பதிப்பு வார்த்தை கொஞ்சம் மாறலாம்.

1. வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, அதில் 'செட்டிங்ஸ்'.
2. இடப்பக்கம் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்'.
3. 'பிளாக் தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேவ் பட்டன் கிடையாது, தொட்டதுமே நடைமுறைக்கு வந்துவிடும்.

இன்காக்னிட்டோ (பார்த்த பக்கங்களைச் சேமிக்காத தனி) ஜன்னலில் மட்டும் தடுக்கும் தேர்வும் அங்கேயே இருக்கும். அது போதாது, நாம் நாள் முழுக்க இருப்பது சாதாரண ஜன்னலில்தானே.

ஆண்ட்ராய்டு போனில்: மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', 'சைட் செட்டிங்ஸ்', 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்'. ஐபோன் குரோமில் இந்த மெனுவைத் தேடி அலைய வேண்டாம். அதற்குள் ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின், அது தானாகவே தடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'சைட் செட்டிங்ஸ்' உள்ளே 'ஆன்-டிவைஸ் சைட் டேட்டா' என்று வேறொன்று உண்டு. ஆர்வத்தில் அதையும் அணைத்துவிடாதீர்கள். அது எல்லாக் குக்கீயையும் சேர்த்து நிறுத்திவிடும், எந்தத் தளத்திலும் லாகின் ஆக முடியாது.

ஏதாவது உடைந்தால்

சில சமயம் உடையும். என் அக்கா மகள் ஒரு பயிற்சித் தளத்தில் பாடம் பார்ப்பாள். நான் அவள் லேப்டாப்பில் குக்கீயைத் தடுத்த அன்று மாலையே போன். வீடியோவைத் தட்டினால் 'லாகின் செய்யவும்' என்கிறது, செய்தால் மறுபடியும் அதே பக்கம், செக்குமாடு மாதிரி சுற்றல். விஷயம் இதுதான்: பாடப் பக்கம் ஒரு முகவரி, வீடியோ வேறொரு முகவரி. பாடப் பக்கத்துக்குள் இருந்து பார்த்தால், வீடியோவுக்கான லாகின் குக்கீயே ஒரு மூன்றாம் தரப்புக் குக்கீ.

இதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில், குறுக்கே கோடு போட்ட கண் படம் இருக்கிறதா பாருங்கள். அதைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதி தரலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால், மேலே சொன்ன அதே 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' பக்கத்தின் அடியில் அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் இருக்கும். அங்கே 'ஆட்' தட்டி, முகவரிப் பட்டையில் தெரியும் தளத்தின் பெயரைச் சேருங்கள். பெயருக்கு முன்னால் [*.] என்று போட்டால் அதன் கிளைத் தளங்களும் அடங்கும். இதுவரை என் பட்டியலில் சேர்ந்தது மூன்றே மூன்று பெயர்.

மற்ற பிரௌசர்கள்

சஃபாரி 2020 மார்ச் முதலே முழுவதுமாகத் தடுக்கிறது. ஐபோன் செட்டிங்ஸில் சஃபாரிக்குள் 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயர்பாக்ஸ் வேறு மாதிரி. டோக்கனை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவிடும். இந்தத் தளத்தில் வாங்கிய எண் அந்தத் தளத்தில் செல்லாது. 2022 ஜூனிலிருந்து கணினிப் பதிப்பில் எல்லோருக்கும் இதுதான் இயல்பு அமைப்பு. எனக்குப் பிடித்த வழியும் இதுவே, தளங்கள் அதிகம் உடைவதில்லை. பிரைவசி செட்டிங்ஸில் 'ஸ்டாண்டர்ட்' என்பதை அப்படியே விட்டுவிடலாம்.

எட்ஜில் 'பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ்' பக்கத்தில் 'டிராக்கிங் பிரிவென்ஷன்' இருக்கும். அதை நிறுத்தாமல், குக்கீ பகுதியில் 'பிளாக் தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதையும் போட்டுவிடுங்கள்.

இது எதுவரை உதவும்

விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது, துரத்தல்தான் குறையும். கூகுளிலோ பேஸ்புக்கிலோ லாகின் செய்துகொண்டே தேடினால், அந்த நிறுவனத்துக்கு நீங்கள் தேடியது தெரியத்தான் செய்யும். பேஸ்புக் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பக்கங்களுக்கு குரோமில் செய்த மாற்றம் செல்லாது. மற்ற ஆப்களில் வரும் விளம்பரத்துக்கும் குக்கீக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை, அங்கே வேலை செய்வது போனுக்கென்று உள்ள விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டில் போனின் செட்டிங்ஸைத் திறந்து, தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தட்டினால் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' கிடைக்கும். அம்மாவின் போனில் அதையும் நீக்கியிருக்கிறேன்.